கேட்கிறவர்களின் கோவில்: ஒரு கொழும்பு நாட்குறிப்பு

செவ்வாய், 10 ஜூன் 2025

இரவு பஸ் விடியப்புறம் ஆமர் வீதியில் இறக்கிவிட்டது. கொழும்பு இவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. பொசன் போயா, பௌத்தர்களின் முழுநிலாத் திருநாள். கடைகள் பூட்டு, வீதி நெடுகப் பௌத்தக் கொடிகள், ஒரு சந்தியில் தன்சலுக்கு, அதாவது வருகிறவர்களுக்கு இலவசமாகச் சாப்பாடு கொடுக்க, பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். கொட்டாஞ்சேனையில் சின்னம்மா வீட்டில் குளித்து, இடியப்பமும் சொதியும் சாப்பிட்டதும், "கொஞ்சம் படு பிள்ளை" என்றார். படுக்கவில்லை. அந்தோனியாருக்குரிய செவ்வாய்க்கிழமை கொழும்பில் நின்றுகொண்டு கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குப் போகாமல் இருக்க முடியுமா?

நான் யாழ்ப்பாணத்துப் பாசையூர்க்காரி. எங்கள் ஊர்க் கோவிலும் அந்தோனியார் கோவில்தான், திருவிழாவும் அதே ஜூன் 13. சொந்த ஊர்த் திருவிழாவை விட்டுவிட்டு இங்கே வந்ததற்கு அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டுதான் வந்தேன். சின்னம்மாவின் மகளுக்குக் கல்யாணம் நெருங்குகிறது, கைக்கு ஆள் வேண்டுமாம். இன்னொன்றும் இருக்கிறது. ஊரில் எங்கள் பங்கு இளையோருக்கு 'கத்தோலிக்க வாழ்வில் அன்பின் வகைகள்' என்று ஒரு பேச்சுப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். வழக்கமான பேச்சு எப்படி இருக்கும் என்று தெரியும். காதல் அடிப்படியில், அதற்கு மேல் பெற்றோர் பாசம், அதற்கு மேல் நட்பு, உச்சியில் எதையும் எதிர்பாராமல் தன்னையே கொடுக்கும் அன்பு. ஏணி மாதிரி. எனக்கு அந்த ஏணியில் வெகு நாளாகச் சந்தேகம். கேட்கிற அன்பை ஏன் எப்போதும் கீழ்ப்படியிலேயே உட்கார வைக்கிறோம்?

கொச்சிக்கடைக்கு வருகிறவர்கள் எல்லோருமே கேட்க வருகிறவர்கள்தான். இன்று எனக்கு முன்னால் நின்ற அம்மா நெற்றியில் திருநீறு. பக்கத்துப் பொன்னம்பலவாணேஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு அப்படியே இங்கே வந்திருக்க வேண்டும். பின்னால் ஒரு சிங்களக் குடும்பம், போயாவுக்கு உடுத்த வெள்ளை உடுப்போடு. ஒரு பையன் ஏதோ விண்ணப்பக் கோப்பை அந்தோனியார் சுரூபத்தின் (சிலையின்) கண்ணாடியில் மூன்று பக்கமும் தேய்த்து எடுத்தான். வீசாவாக இருக்கும். மெழுகுதிரி கொளுத்தும் இடத்தில் ஒரு வயதான அம்மா அந்தோனியாரோடு சண்டையே பிடித்தார்: "போன தரமும் இப்பிடித்தான் செஞ்சீங்க. இந்தத் தரம் ஏமாத்தினா நான் வரவே மாட்டேன், சொல்லிப்போட்டேன்!" வருவார். அடுத்த செவ்வாயே வருவார்.

இதைப் பார்த்து முகம் சுளிக்கும் பிரசங்கங்களை நிறையக் கேட்டாயிற்று. இது வியாபாரம், காரியத்துக்காகச் செய்யும் பக்தி, கடவுளைக் கடவுளுக்காகவே நேசிக்க வேண்டும். சரி. ஆனால் இந்தக் கோவிலே ஒரு பேரத்தில் பிறந்தது என்பதை அந்தப் பிரசங்கிகள் மறந்துவிடுகிறார்கள். ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) 1656இல் கொழும்பைப் பிடித்த பிறகு கத்தோலிக்க வழிபாட்டுக்குத் தடை. குருமார் ஒளித்துத் திரிந்த காலம். கொச்சியிலிருந்து வந்த அந்தோனியோ என்ற குருவானவரைத் துரத்திக்கொண்டு வந்தார்கள் என்றும், இந்தக் கரையில் இருந்த மீனவர்கள் அவரிடம், "கடல் எங்கள் கரையை அரிக்கிறது, அதை நிறுத்தித் தாரும், நாங்கள் உம்மைக் காப்பாற்றுகிறோம்" என்று கேட்டார்கள் என்றும் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். அவர் மணலில் சிலுவையை நட்டுச் செபித்தார், கடல் பின்வாங்கியது, மண்ணால் ஒரு சிற்றாலயம் எழுந்தது. அவர்களுக்குக் கரை வேண்டும், அவருக்கு உயிர் வேண்டும். இரண்டு பக்கமும் கேட்டார்கள், இரண்டு பக்கமும் வாங்கினார்கள். இப்போது நிற்கும் கோவிலின் வேர் அதுதான்.

நேர்ச்சையும் அப்படித்தான். 1890இல் பிரான்சின் தூலோன் நகரில் ஒரு கடைக்காரப் பெண்ணுக்குக் கடைக்கதவுப் பூட்டுத் திறக்கவில்லை. உடைக்காமல் திறந்தால் ஏழைகளுக்குப் பாண் கொடுக்கிறேன் என்று அந்தோனியாருக்கு நேர்ந்தார். திறந்தது. அந்தச் சின்னப் பேரத்திலிருந்துதான் 'அந்தோனியார் அப்பம்' என்ற தருமம் கோவில் கோவிலாகப் பரவியது. அதற்கும் முந்தியது இத்தாலியின் பதுவை நகரில் சொல்லப்படும் கதை: தண்ணீரில் மூழ்கிய பிள்ளை பிழைத்தால் அதன் எடைக்குத் தானியம் கொடுப்பதாக ஒரு தாய் நேர்ந்தாளாம். கேட்டவள் தாய், சாப்பிட்டது யாரோ ஏழைகள். இதைக் கீழ்ப்படி என்று எப்படிச் சொல்வது?

பின்னேரம் சின்னம்மாவோடு தன்சல் பார்க்கப் போனேன். சோற்றுத் தன்சல் ஒன்று, கொஞ்சம் தள்ளி ஐஸ்கிரீம். இளம் பொடியன்கள் வீதிக்குள் இறங்கி, கொடியை ஆட்டி, ஓட்டோக்களை மறித்துக் கெஞ்சுகிறார்கள், வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லி. கொடுக்கிறவன் கெஞ்சுகிறான், வாங்குகிறவன் கிராக்கி பண்ணுகிறான். சின்னம்மா இரண்டு கோப்பை ஐஸ்கிரீம் வாங்கினார். சீனி வியாதிக்காரி.

புதன், 11 ஜூன்

சித்தப்பா வின்சென்ட் தே பவுல் சபையில் பல வருடமாக இருக்கிறார். ஓய்வு பெற்ற பிறகு முழுநேரமும் அதுதான். இன்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார். முகத்துவாரப் பக்கம் ஒரு தோட்டம். வெளியூர்க்காரர் குழம்பக்கூடாது, கொழும்பில் தோட்டம் என்றால் மரம் செடி இல்லை. ஆள் ஒருவர் தோளைச் சரித்துப் போகும் ஒழுங்கைகளில் தகரமும் பலகையுமாக ஒட்டி ஒட்டிக் கட்டின வீடுகள்.

சபையின் முறை எளியது. இரண்டு இரண்டு பேராகத்தான் போக வேண்டும். அரிசி, பருப்பு, பால்மா கொண்டுபோவது ஒரு பக்கம். வீட்டுக்குள் போய் உட்கார்ந்து பேசுவதுதான் முக்கியம். கூட்டம் முடியும்போது ஒரு பை சுற்றி வரும். உள்ளே கைவிட்டுப் போடுவது யார், எவ்வளவு என்று பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. 1833இல் பாரிஸில் பிரெடெரிக் ஒசானாம் என்ற இருபது வயது மாணவனும் நண்பர்களும் தொடங்கியது. "உங்கள் திருச்சபை அந்தக் காலத்தில் நல்லது செய்தது சரி, இப்போது என்ன செய்கிறீர்கள்?" என்று கூடப் படித்தவர்கள் மடக்கியதால் வந்த ரோசம். ஏழை வீடுகளுக்குள் எப்படிப் போவது என்று அந்தப் பொடியன்களுக்குக் காட்டிக்கொடுத்தவர் ரொசாலி ராண்டு என்ற கன்னியாஸ்திரி. நட்பில் தொடங்கித்தான் தருமத்துக்குப் போனார்கள். என் சந்தேகத்துக்கு இன்னொரு சாட்சி.

நாங்கள் போன வீட்டில் ஒரு பாட்டி தனியாக இருக்கிறார். மகன் வெளிநாட்டில், காசு வருவது நின்று வெகு காலம். சித்தப்பா கொண்டுபோன பையை ஓரமாக வைத்துவிட்டு, வைத்த சுவடே தெரியாமல் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். பாட்டி எழும்பிப்போய் பிளேன்டீ ஊற்றினார். ஒரு கரண்டி சீனி, இரண்டு கரண்டி, மூன்று. நான் வாயைத் திறக்க, சித்தப்பா கண்ணால் அடக்கினார். குடித்தார். நானும் குடித்தேன்.

வெளியே வந்ததும் சொன்னார்: "புதுசா சேர்ற ஆக்கள் செய்யற முதல் பிழை இதுதான் மகள். 'ஐயோ வேணாம் பாட்டி, உங்களுக்கே இல்ல'ன்னு சொல்லிருவாங்க. அதோட முடிஞ்சுது. அவங்க வாங்குற ஆள், நாம குடுக்குற ஆள்னு ஆயிரும். இனி ஒவ்வொரு வாட்டியும் நம்மளப் பாக்க அவங்களுக்குக் கூச்சமா இருக்கும்."

யோவான் நற்செய்தியில் வரும் சமாரியப் பெண்ணின் கதையில் இயேசு முதலில் செய்வது என்ன? கிணற்றடியில் உட்கார்ந்து, குடிக்கத் தண்ணீர் கேட்கிறார். வாழ்வு தரும் தண்ணீர் பற்றிய பேச்செல்லாம் பிறகு. அதே யோவான் நற்செய்தியில் இயேசு சீடர்களின் பாதம் கழுவுகிற இடத்தில் பேதுரு 'என் காலையா?' என்று மறுக்கிறார். கழுவ விடாவிட்டால் உனக்கு என்னோடு பங்கே இல்லை என்று பதில் வருகிறது. வாங்க மறுப்பதற்கு அவ்வளவு கடுமையான பதில். பெரிய வியாழன் பிரசங்கங்களில் நாம் எப்போதும் கழுவுகிற பக்கம்தான் நிற்கிறோம். காலை நீட்டிக்கொண்டு இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்று கால் கழுவும் சடங்குக்குப் பன்னிரண்டு கதிரைகளில் உட்கார்ந்தவர்களைக் கேட்க வேண்டும்.

திரும்பும் வழியில் மருதானைப் பக்கம் ஒரு அலுவல். அங்கே எளியோரின் சிறிய சகோதரிகள் நடத்தும் முதியோர் இல்லத்தைப் பற்றிச் சித்தப்பா சொல்லிக்கொண்டே வந்தார். இந்தச் சபையின் சகோதரிகள் இன்றைக்கும் சந்தைக்கும் கடைகளுக்கும் போய்க் கேட்டு வாங்கித்தான் முதியவர்களுக்குச் சமைக்கிறார்கள். சபையைத் தொடங்கிய ழான் ஜுகான் 1839இல் கண் தெரியாத, நடமாட முடியாத ஒரு கிழவியைத் தூக்கி வந்து தன் கட்டிலில் படுக்க வைத்தவர். பிச்சை கேட்கப் போன இடத்தில் ஒருவன் கன்னத்தில் அறைந்தானாம். "இது எனக்கு. என் ஏழைகளுக்கு என்ன தருவீர்கள்?" என்றாராம். 2009இல்தான் புனிதையாக அறிவித்தார்கள். கன்னியாஸ்திரிகளின் அன்பு என்றால் வெள்ளை உடுப்பு, மெல்லிய குரல் என்றுதான் நினைக்கத் தோன்றும். இது நல்ல துணிச்சலான அன்பு.

உல்வெண்டால் தேவாலயத்தையும் வழியில் எட்டிப் பார்த்தேன். 1757இல் ஒல்லாந்தர் திறந்தது. கனமான சுவர், உயரமான கூரை. கொச்சிக்கடையிலிருந்து நடக்கிற தூரம். துரத்தினவர்களும் ஒளித்தவர்களும் ஒரே வட்டாரத்தில். இன்று அந்தப் பக்கம் ஒருவருக்கும் அந்தக் கோபம் இல்லை.

வியாழன், 12 ஜூன்

கல்யாண அலுவல். பகல் முழுக்க வெயில், செட்டியார் தெரு நகைக்கடைகள், சின்னம்மாவின் பேரம். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. மத்தியானம் தங்கச்சியும் மாப்பிள்ளையும் வந்து சேர்ந்த பிறகுதான் பேச்சு சுவாரசியமானது.

மாப்பிள்ளை வெள்ளவத்தைச் சைவப் பொடியன். இந்த மாதிரிக் கல்யாணத்துக்கு ஆயரின் விதிவிலக்கு வாங்க வேண்டும். கத்தோலிக்கப் பக்கம் இருப்பவர், பிள்ளைகளுக்குத் திருமுழுக்குக் கொடுத்து வளர்க்கத் தன்னால் ஆனதைச் செய்வேன் என்று வாக்குக் கொடுக்க வேண்டும். மற்றவரிடம் வாக்கு வாங்குவதில்லை, அவருக்கு விஷயத்தைத் தெரிவித்தால் போதும். 1970க்கு முன் அவரையும் எழுதித்தரச் சொன்னார்கள். சின்னம்மாவுக்கு இந்த மாற்றம் இன்னும் செமிக்கவில்லை. "அந்தக் காலத்திலை எல்லாம் சரியா இருந்தது" என்கிறார். மாப்பிள்ளைக்கு முட்டை பொரித்து வைத்துக்கொண்டுதான் சொல்கிறார்.

தங்கச்சி திருமண ஆயத்த வகுப்பில் கேட்டு ஆச்சரியப்பட்ட விஷயம்: "கட்டி வைக்கிறது ஃபாதர் இல்லையாம் அக்கா. அவர் சாட்சி மட்டும்தானாம்." உண்மைதான். இலத்தீன் முறையில் மணமக்களே ஒருவருக்கொருவர் திருமணத்தை வழங்குகிறார்கள். மற்ற அருட்சாதனங்களை (திருச்சபையின் புனிதச் சடங்குகளை) வழக்கமாகக் குருவிடமோ ஆயரிடமோ பெறுகிறோம், இதை இருவரும் தங்களுக்குள் கொடுத்து வாங்குகிறார்கள். (சைவரோடு செய்வது செல்லுபடியான திருமணம், ஆனால் அருட்சாதனம் என்ற நிலை இருவரும் திருமுழுக்குப் பெற்றிருந்தால்தான். இதை நான் சின்னம்மா காதில் விழாமல் மெல்லச் சொன்னேன்.)

அந்த வகுப்பில் மாப்பிள்ளை ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். விட்டுக்கொடுங்கள், பொறுத்துக்கொள்ளுங்கள், தியாகம் செய்யுங்கள் என்று மணிக்கணக்காகக் கேட்ட பிறகு எழும்பி, "எல்லாரும் குடுத்துக்கொண்டே இருந்தா வாங்கிறது ஆர் ஃபாதர்?" என்றாராம். வகுப்பு சிரித்ததாம். ஃபாதர் சிரிக்கவில்லை. நல்ல கேள்வி, வீட்டில் போய் இரண்டு பேரும் உட்கார்ந்து, ஒருவரிடம் ஒருவர் கேட்கக் கூச்சப்படுகிற ஒரு விஷயத்தை எழுதிக்கொண்டு வாருங்கள் என்று சொன்னாராம். என்ன எழுதினார்கள் என்று கேட்டேன். தங்கச்சி முகம் சிவந்து அறைக்குள் போய்விட்டாள்.

அந்த ஃபாதர் வாசித்திருக்கிறார். திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2005 கிறிஸ்மஸ் நாளில் கையெழுத்திட்ட தம் முதல் சுற்றுமடலில் இதைத்தான் எடுத்துக்கொள்கிறார். நாடிப் போகிற அன்பையும் தன்னைக் கொடுக்கிற அன்பையும் முற்றாகப் பிரிக்க முடியாது, மனிதன் எப்போதும் கொடுத்துக்கொண்டே இருக்க முடியாது, அவன் பெறவும் வேண்டும் என்கிறார். கண்டிப்பானவர் என்று பெயர் எடுத்த ஒரு இறையியலாளர், ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் விரும்புவதிலிருந்து தொடங்கி அந்த மடலை எழுதினார் என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம். அவருக்குப் பின் வந்த பிரான்சிஸ் 2016இல் 'அன்பின் மகிழ்வு' என்ற மடலில் 'அன்பு பொறுமையுள்ளது. நன்மை செய்யும்' என்ற பவுலடியாரின் வரிகளை ஒவ்வொன்றாக எடுத்து வீட்டுக்குள் கொண்டுவந்தார். குடும்பத்துக்கு மூன்று சொல் போதும் என்றார்: தயவுசெய்து, நன்றி, மன்னித்துக்கொள். முதலாவது சொல் கேட்கிற சொல் என்பதை நான் இன்றுதான் கவனித்தேன்.

இரவு வெஸ்பர் என்ற மாலைச் செப ஆராதனைக்குக் கொச்சிக்கடை. உள்ளே போக முடியாத கூட்டம். பைகளைச் சோதிக்கிறார்கள், யாரும் முணுமுணுப்பதில்லை. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலை குண்டு வெடித்த கோவில் இது. கடற்படையினர் திருத்திக் கட்டி, அதே வருடம் ஜூன் 12இல் மீண்டும் திறந்தார்கள், திருவிழாவுக்கு முதல் நாள். இன்றும் ஜூன் 12. எழுத நிறைய இருக்கிறது, கண் சொக்குகிறது. நாளைக்கு.

வெள்ளி, 13 ஜூன்

காலைத் தமிழ்த் திருப்பலி. அந்தோனியாரின் வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொன்னார்கள். லிஸ்பனில் பிறந்தவர், மொரோக்கோவில் கொல்லப்பட்ட பிரான்சிஸ்கன் துறவிகளின் உடல்களைப் பார்த்துச் சபை மாறியவர், 1231 ஜூன் 13இல் பதுவையில் இறந்தவர், ஒரு வருடம் ஆக முன்பே புனிதராக்கப்பட்டவர். பின்னேரம் சுரூப பவனி. ஜம்பட்டா வீதிப் பக்கம் சனம் மாடிகளில் தொங்கிக்கொண்டு பார்த்தது. சிங்களத்திலும் தமிழிலும் மாறி மாறிச் செபமாலை, ஒரு பத்து அந்த மொழி, ஒரு பத்து இந்த மொழி. அந்தோனியாரைத் தூக்கும் பொடியன்களுக்குத் தோள் மாற்ற நேரமில்லை.

ஆனால் இன்றைய நாள் எனக்கு அந்தப் பவனி இல்லை. சின்னம்மாவின் அடுக்குமாடியில் மேல்தட்டில் ஒரு அம்மா இருக்கிறார். 2019 குண்டுவெடிப்பில் மகளைப் பறிகொடுத்தவர். பவனிக்கு முன் சின்னம்மா அவருக்குப் பலகாரம் கொண்டுபோகச் சொல்லி என்னை அனுப்பினார். உட்காரச் சொன்னார். நான் கேட்கவில்லை, அவரே சொன்னார்:

"எல்லாரும் வந்து கேட்டாங்க, மன்னிச்சிட்டீங்களான்னு. டிவிக்காரங்க, வெளிநாட்டுக்காரங்க. மன்னிச்சிட்டேன். செஞ்சவங்க செத்துட்டாங்க, அவங்களோட எனக்கு என்ன? ஆனா யாரு செய்ய வச்சாங்க, யாரு தெரிஞ்சும் பேசாம இருந்தாங்கன்னு எனக்குத் தெரியணும். அதைக் கேட்டா, மன்னிக்கலையான்னு திரும்பவும் கேக்குறாங்க."

பகைவரை நேசியுங்கள் என்பது கத்தோலிக்க அன்பில் உச்சமானது என்று எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள். ஆனால் அதை ஒரு தாயிடம், வாயை மூடிக்கொண்டிரு என்ற அர்த்தத்தில் சொல்வது பெரிய அநியாயம். கர்தினால் மல்கம் ரஞ்சித் 2020 உயிர்ப்புப் பெருவிழாவில், குண்டு வைத்தவர்களை மன்னித்துவிட்டோம் என்று அறிவித்தார். அதே கர்தினால் 2022 மார்ச்சில் ஜெனீவா மனித உரிமைகள் பேரவை வரை போய் நீதி கேட்டார். இரண்டும் முரண் என்று சிலர் எழுதினார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. பெனடிக்டின் மடல் இரண்டாம் பாகத்தில் இதைத் தொடுகிறது: நீதியான ஒழுங்கை நிறுவுவது அரசின் வேலை, அதைத் திருச்சபை தன் கையில் எடுக்கக்கூடாது, ஆனால் நீதிக்கான போராட்டத்தில் ஓரமாக நின்று பார்க்கவும் கூடாது. மன்னிப்பு அந்த அம்மாவின் கையில் இருந்தது, கொடுத்துவிட்டார். உண்மை அரசின் கையில் இருக்கிறது. கையில் இல்லாததைக் கேட்கத்தான் வேண்டும்.

2023 ஜனவரி 12இல் நாட்டின் அதியுச்ச மன்றமான உயர் நீதிமன்றம், முன்கூட்டியே எச்சரிக்கை கிடைத்தும் தாக்குதலைத் தடுக்கத் தவறினார்கள் என்று முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பத்துக் கோடி ரூபாய் நட்டஈடு செலுத்த வேண்டும் என்றும், பாதுகாப்பு அதிகாரிகளும் செலுத்த வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. இந்த வருடம் ஏப்ரல் 21இல், கொச்சிக்கடையிலும், அதே நாள் குண்டு வெடித்த கட்டுவாப்பிட்டிக் கோவிலிலும் இறந்த 167 கத்தோலிக்கரின் பெயர்களை வத்திக்கான் விசுவாசத்தின் சாட்சிகள் பட்டியலில் சேர்த்திருப்பதாகக் கர்தினால் அறிவித்தார். அதே நாள்தான் திருத்தந்தை பிரான்சிஸ் காலமானார். அதனால் அந்தச் செய்தி பாதி உலகத்துக்குப் போகவே இல்லை. மேல்தட்டு அம்மா அந்தப் பட்டியலைப் பற்றிச் சந்தோசமாகத்தான் சொன்னார். நட்டஈட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "கண்டுபிடிக்கணும்" என்று மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

பவனி திரும்பி வரும்போது அவரைக் கோவில் முற்றத்தில் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை சண்டை பிடித்த பாட்டியும் அதே இடத்தில் மெழுகுதிரியோடு. கேட்பது என்றால் வீசாவும் பூட்டும் மட்டுமா? இந்தக் கோவிலில் ஆறு வருடமாக நீதி கேட்கிறவர்களும் அதே வரிசையில்தான் நிற்கிறார்கள்.

சனி, 14 ஜூன்

இரவு பஸ்ஸுக்கு முன் ஒரு பகல் மிச்சம். சித்தப்பாவோடு புறக்கோட்டை பிலிப்பு நேரியார் கோவில், அங்கிருந்து காலிமுகத்திடல். பிலிப்பு நேரியார் கோவிலுக்கு வெளியே தலைச்சுமைக்காரர்களும் பஸ் ஹோர்னும், உள்ளே வந்து இரண்டு நிமிடம் முழந்தாளிட்டுவிட்டு ஓடுகிற வியாபாரிகளும். பிலிப்பு நேரியார் தொடங்கிய அமைப்பு முறையில்தான், பிறகு இலங்கைக்கு வந்த குருவானவர் ஜோசப் வாஸ் கோவாவில் இருந்தார். காலிமுகத்திடலில் 1995இல் திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் (ஜான் பால்) அவரை முத்திப்பேறு பெற்றவராகவும், 2015 ஜனவரி 14இல் பிரான்சிஸ் புனிதராகவும் அறிவித்தார்கள். இப்போது அங்கே பட்டமும் இறால் வடையும்.

ஜோசப் வாஸ் பற்றி எல்லோரும் சொல்வது 1697இல் கண்டியில் அம்மை நோய் பரவியபோது அவர் செய்த பணி. மற்றவர்கள் நோயாளிகளைக் காட்டில் விட்டு ஓட, அவரும் அவருடைய சகோதரியின் மகனான குருவும் வீடு வீடாகப் போய்க் கழுவி, ஊட்டி, அடக்கம் செய்தார்கள். அரசன் அவருக்குச் சுதந்திரமாக நடமாட இடம் கொடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம். கொடுக்கும் அன்புக்கு இலங்கையில் இதைவிடப் பெரிய உதாரணம் கிடையாது.

ஆனால் அவர் எப்படித் தொடங்கினார்? 1687இல் கூலியாள் வேடத்தில் வந்து சேர்ந்தார், வந்த கையோடு வயிற்றோட்டத்தில் விழுந்தார். யாரோ கஞ்சி ஊற்றித்தான் பிழைத்தார். பிறகு எங்கள் யாழ்ப்பாணத்தில், கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். செபமாலையைப் பார்த்து யாருடைய முகம் மாறுகிறதோ அந்த வீடு கத்தோலிக்க வீடு. ஏறத்தாழ முப்பது வருடம் குரு இல்லாமல் ஒளித்து வாழ்ந்த சனத்தை அவர் கண்டுபிடித்தது கை நீட்டித்தான்.

இதைச் சித்தப்பாவிடம் சொன்னேன், இளையோர் பேச்சை இந்த இடத்தில் தொடங்கப் போகிறேன் என்று. அவர் இறால் வடையைக் கடித்தபடி கொஞ்சம் யோசித்தார்.

"சொல்லு. ஆனா ஒண்ணு. கேக்குறது மட்டுமே போதும்னு பொடியன்மார் எடுத்துக்குவாங்க. சபைக்கு ஆள் வராது."

"நீங்கள் பாட்டியின் டீயைக் குடித்ததையும் சொல்லப்போறேன்."

"அதைச் சொல்லாத. சீனியைப் பத்தி உங்க சின்னம்மாவுக்குத் தெரிஞ்சா வம்பு."

பஸ் பத்து மணிக்கு. சின்னம்மா பார்சல் கட்டிக்கொண்டிருக்கிறார், அதில் பாதி அம்மாவுக்கு, பாதி பேர் சொல்லாத சொந்தக்காரருக்கு. தங்கச்சி வந்து, கல்யாணத்துக்கு ஒரு கிழமை முன்னாடியே வந்து நிற்க முடியுமா என்று கேட்டாள். பாடசாலையில் லீவு எடுக்கப் பார்க்க வேண்டும்.